நம்ம கடை அரிசி

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கிடுங்க. இந்தப் பை நிக்க மாட்டேங்குது. ஆங், போதும். நீங்க எது வரைக்கும்? தென்காசியா? நான் ஆலங்குளம். மணி என்ன ஆவுது இப்பம்? இன்னும் பஸ்ஸை எடுக்க மாட்டேங்கானே. டிரைவர் கீழ நின்னு டீ குடிக்கான், கண்டக்டர் அவன்கூட நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்கான். மாசக் கடைசி தம்பி இன்னைக்கு. சாயங்காலம் ரேஷன் கடைய மூடிட்டான்னா இந்த மாசத்து அரிசி போனது போனதுதான். அதுக்குள்ள நான் ஆலங்குளம் போயி ஒரு விரலைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வரணும்.

விரலுன்னா விரல்தான். என் வீட்டுக்காரி விரலு. ஆளு வேண்டாமான்னு கேப்பீங்க. ஆளு வந்தா வரட்டும், வராட்டா போவட்டும். எனக்கு விரலு போதும். மிஷின்ல வைக்கணும்லா, அதுக்கு.

என் விரலை வைக்கலாமேங்கீங்களா? இந்தா பாருங்க. தொட்டுப் பாருங்க, வெக்கப்படாதீங்க. வழுவழுன்னு இருக்குல்லா? ரேகைன்னு ஒண்ணு கெடையாது. ஆயுசு பூரா நெல்லையும் அரிசியையும் உள்ளங்கையில போட்டுத் தேச்சுத் தேச்சு எல்லாம் போயிட்டு. கடைக்காரப் பையனும் துடைச்சு வச்சுப் பாத்தான், எண்ணெய் தடவி வச்சுப் பாத்தான். கட்டைவிரலு, ஆள்காட்டி விரலு, எல்லாம் பாத்தாச்சு. சவத்து மிஷின் 'பொருந்தவில்லை'ங்குது. பின்னால பொம்பளைங்க வரிசை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் நான் இல்லைங்குதுல்லா அது.

எடுத்துட்டான் எடுத்துட்டான். இனி பேட்டை தாண்டுனாத்தான் ஓட்டுவான்.

என்னைப் பாத்தா ரேஷன் கடை வாசல்ல நிக்க ஆளு மாதிரியா தெரியுது? திருநெல்வேலி டவுன்ல ஆவுடையப்பன் அரிசி மண்டின்னு கேட்டுப் பாருங்க. அங்கதான் எனக்கு வேலை. கணக்குப் பாக்கவரு கணக்குப்பிள்ளை. நான் நாக்குப்பிள்ளை. அப்படித்தான் எனக்குப் பேரு. லாரி வந்து நிக்கும், மூட்டையில குத்தூசியைச் சொருவி நாலு மணியை எடுத்து வாயில போட்டு மெல்லுவேன். பழசா புதுசா, வேக்காடு சரியா, மழையில நனைஞ்ச நெல்லா, கலப்படமா, பிச்சுப் பிச்சு வச்சிருவேன். 'நாக்குப்பிள்ளை என்னவே சொல்லுதாரு?'ன்னு கேட்டுட்டுத்தான் பெரிய முதலாளி வெலையே பேசுவாரு. கண்ணைக் கட்டிட்டு வாயில போடுங்க, சொல்லிருவேன். இப்பமும் சொல்லுவேன். அதுல சந்தேகமே வேண்டாம்.

எங்க வீட்டுக் கார்டு சீனி கார்டு. உங்க வயசுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ. அரிசி கார்டுக்கு அரிசி குடுப்பான். சீனி கார்டுக்கு அரிசி கெடையாது, அதுக்குப் பதிலா சீனி கூடக் கெடைக்கும். பருப்பு, பாமாயில் எல்லாம் ரெண்டுக்கும் உண்டு. ஒண்ணுமே வேண்டாம்னும் ஒரு கார்டு இருக்கு, அது பெரிய ஆளுங்க வச்சுக்கிடுதது. எழுதிக் கேக்கும்போதே நான் சொல்லிட்டேன், நமக்கு சீனிதான்னு. மண்டியில மூட்டை மூட்டையா அரிசிய மென்னு துப்புதவன் வீட்டுல ரேஷன் அரிசி பொங்குனா மண்டிக்கே கேவலம்லா.

நான் வேலைய விட்ட அன்னைக்குப் பெரிய முதலாளி எல்லாரும் கேக்கச் சொன்னாரு. 'நாக்குப்பிள்ளை, நீரு இருக்க வரைக்கும் உமக்குச் சோறு என் மண்டியிலதான்வே. மாசம் பொறந்தா மூட்டை உம்ம வீட்டு வாசல்ல எறங்கும்'னாரு. எறங்கிச்சு. நல்ல பழைய பொன்னி. அவர் காலமான பொறவும் அரிசி வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. சின்ன முதலாளி தங்கமான பிள்ளை, அப்பன் சொல்லைக் காப்பாத்துதானேன்னு நான் டீக்கடையில உக்காந்து சொல்லாத ஆளு கெடையாது. சொன்னா நமக்கும் ஒரு இதுதான. இத்தனை வருசத்துக்குப் பொறவும் மண்டி நம்மளை நெனைச்சு வச்சிருக்குன்னா சும்மாவா?

நான் மூட்டை எறங்குததைப் பாக்கது கெடையாது. காலையில கோயிலு, பொறவு லைப்ரரி, பொறவு டீக்கடை. வீட்டுக்கு வந்தா மூலையில மண்டிச் சாக்கு நிமிந்து நிக்கும், ஆவுடையப்பன்னு செவப்பு எழுத்துல. உலகம்மாட்ட, உலகம்மாங்கது என் வீட்டுக்காரி, ஒருக்கா கேட்டேன். 'ஏட்டி, அரிசி வந்துட்டா?'ன்னேன். 'வந்துட்டு. நம்ம கடை அரிசிதான்'னா. எங்க ஆளுங்களுக்கு மண்டியும் கடைதான், எல்லாம் கடைதான். நான் அதுக்கு மேல கேக்கல. எதுக்குக் கேக்கணும்? சோறு இலையில மல்லிப்பூ மாதிரி விழுது. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் திங்கேன். நாக்குக்குத் தெரியாதா?

ஒரே ஒரு கொறை. காப்பியில சீனி கொறைஞ்சுட்டு. 'என்னட்டி, சப்புன்னு இருக்கு'ன்னேன். 'வயசாச்சுல்லா, சீனியக் கொறைக்கணும்'னா. எனக்கு சுகரே கெடையாது தம்பி. இருந்தாலும் நம்ம உடம்பு மேல அக்கறையாத்தான் சொல்லுதான்னு பேசாம குடிச்சேன். பாருங்க, எப்பேர்ப்பட்ட கள்ளி.

மணி என்ன? இன்னும் பேட்டையே தாண்டலையா? ஏம்ப்பா, அந்தப் பாட்டியை ஏத்திட்டு எடு, எல்லாரும் ஏறியாச்சு.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், கல்யாணம். போன மாசம் சின்ன முதலாளி தங்கச்சிக்குக் கல்யாணம். ஜங்ஷன் பக்கம் பெரிய மண்டபம். எனக்குப் பத்திரிகை வரல, அது தபால்ல எங்கயாவது போயிருக்கும். அதுக்காகப் போகாம இருக்க முடியுமா? உப்பைத் தின்ன வீடு. போனேன். பந்தியில ஊரு அரிசி யாவாரிங்க அத்தனை பேரும் இருக்காங்க. சின்னவன் ஒவ்வொரு இலையா விசாரிச்சுக்கிட்டே வாரான். என் பக்கத்துல வந்ததும் நான் எந்திரிச்சு நின்னேன். நாலு பேரு கேக்கட்டும்னு சத்தமாவே சொன்னேன். 'முதலாளி, மாசாமாசம் நீங்க அனுப்புத அரிசி இருக்கே, இந்தப் பந்திச் சோறுகூட அதுக்கிட்ட நிக்காது. அப்பா பேரைக் காப்பாத்திட்டீங்க'ன்னேன்.

அவன் முழிக்கான். 'எந்த அரிசி அண்ணாச்சி?'ங்கான்.

'நம்ம மண்டி அரிசிதான். எனக்கு வருதுல்லா.'

'அப்பா போன பொறவு யாருக்கும் அனுப்புததில்லையே அண்ணாச்சி'ன்னான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது, மெதுவாத்தான் சொன்னான். ஆனா எதுத்த இலையில ஒரு பாளையங்கோட்டைக்காரன், அந்தக் காலத்துல அவன் கொண்டாந்த லாரியை நான் ரெண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கேன். அவன் சிரிச்சுக்கிட்டே கேக்கான். 'அப்பம் நாக்குப்பிள்ளை இத்தனை நாளா ரேஷன் அரிசியையா பொன்னின்னு தின்னாரு?'ன்னு. பந்தி பூரா சிரிக்கி. பாயசம் ஊத்துதவன்கூட சிரிக்கான் தம்பி. நான் இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டேன்.

வீட்டுக்கு எப்படி வந்தேன்னு தெரியல. செருப்பைக்கூடக் கழட்டல. 'ஏட்டி, இது எந்த அரிசி?'ன்னு சாக்கை இழுத்து நடுவீட்டுல போட்டேன்.

அவ அசரவே இல்ல. 'நம்ம கடை அரிசிதான்'னா.

'எந்தக் கடைட்டி?'

'நம்ம தெருமுக்குக் கடை. நமக்குப் பதிஞ்ச கடை. நான் என்னைக்காவது மண்டின்னு சொன்னேனா?'ன்னா.

கேட்டீங்களா வக்கீல் பேச்சை? சாக்கு மண்டிச் சாக்குல்லான்னேன். 'சாக்கு நல்ல சாக்கு, அதை எதுக்குத் தூரப் போடணும்'ங்கா. கார்டு சீனி கார்டுல்லான்னேன். 'மாத்தியாச்சு. கார்டுல ஒரு திருத்தம்னு சொன்னேன், பேப்பர் படிச்சுக்கிட்டே நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க'ங்கா. அப்பத்தான் எனக்குக் காப்பி ஞாபகம் வருது. சீனியக் குடுத்து அரிசிய வாங்கியிருக்கா. நான் ஊரெல்லாம் மண்டி மண்டின்னு பேசிக்கிட்டுத் திரியுதேன், இவ கேட்டுக்கிட்டு இருந்திருக்கா.

'மண்டியில நிறுத்திட்டான்னு எங்கிட்ட ஏன் சொல்லல?'ன்னு கத்துனேன்.

'சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க'ன்னா.

இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்க தம்பி. ஒருத்தன் சாப்பிட மாட்டான்னு அவனை ஏமாத்தலாமா? வீட்டுச் செலவு எப்படி ஓடுதுன்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா? அவ பாத்துக்கிடுவான்னு எல்லாத்தையும் நம்பி விட்டிருந்தேன். அவ்வளவு நம்பிக்கை. அதுக்கு இதுதான் மரியாதையா? எனக்கு ஆத்திரம் தாங்கல. 'கோழிக்குப் போடுததை எனக்குப் போட்டுட்டியே'ன்னு சாக்கைத் தூக்கிட்டுப் போயி முத்தத்துல கவுத்துட்டேன். அவ்வளவு அரிசியும் மண்ணுல.

'கோழிக்குப் போடுததை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னீங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

சுளகை எடுத்துட்டு வந்து முத்தத்துல உக்காந்தா. ஒரு மணி விடாம அள்ளுனா. புடைச்சா, கல்லு பொறுக்குனா, அலசி வெயில்ல விரிச்சா. காக்காய விரட்டிக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தா. நான் திண்டுல சாஞ்சு பேப்பர் படிக்கேன், ஒரு எழுத்து மண்டையில ஏறல. அரிசி காஞ்ச பொறவு அதே சாக்குல போட்டு வாயைக் கட்டி, அதே மூலையில நிறுத்தி வச்சா. மறுநாள் காலையில சோறு பொங்கி மூடி வச்சுட்டு ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறிட்டா. அங்க அவ தம்பி வீடு இருக்கு. திமிரைப் பாத்தீங்களா? போறவ கோவத்துல எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டுப் போனாலும் மனசு ஆறும்.

இது எந்த ஊரு? சீதபற்பநல்லூரா? இங்க எதுக்கு இவ்வளவு நேரம் போடுதான்?

எங்களுக்கு ஒரு பொண்ணு, கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கு. அவ போன்ல என்னைத்தான் திட்டுதா. மச்சினன் வீட்டுக்கு ஒருக்கா போன் போட்டேன். அவன் எடுத்து 'அத்தான், சொல்லுங்க'ன்னான். என்னத்தச் சொல்ல? வச்சுட்டேன். அவளே வரட்டும்னு இருந்தேன். ஆனா தம்பி, அவ ரேஷன் பையை எடுத்துட்டுப் போயிட்டா. உரச்சாக்குல அவளே தைச்ச பை, பச்சை எழுத்து போட்டது. ஆணியில அதைக் காணும். கார்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால அப்படியே இருக்கு, பையை மட்டும் காணும். சேலையை எடுத்துட்டுப் போறது வேற. பையை எடுத்துட்டுப் போனா இனிமே இந்த வீட்டுக்குச் சாமான் வாங்க மாட்டேன்னுதான அர்த்தம்?

நான் சும்மா கெடக்க ஆளா? பஜார்ல போயி உசந்த பொன்னியா பாத்து, மென்னு பாத்துத்தான் வாங்குனேன். பொங்குனேன். கூழாப் போச்சு. மறுநாள் தண்ணியக் கொறைச்சேன், நடுவுல அரிசியாவே நிக்கி. வாயில வைக்க வெளங்கல. பொறவு ஒரு நாளு, சரி, கெடக்குன்னு மூலைச் சாக்கை அவுத்து அதுல கொஞ்சம் பொங்குனேன். நான் மண்ணுல கொட்டுன அரிசிதான். அவ பொங்குத மாதிரி இல்ல. ஆனா அந்த வாசம் வந்துச்சு தம்பி. எங்க வீட்டு வாசம். யாரும் பாக்கலைன்னு அப்படியே அடுப்புப் பக்கத்துல உக்காந்து தின்னேன். சாக்குத் தீருத வரைக்கும் அதைத்தான் தின்னேன்.

அது நல்ல லாட்டு. அதைச் சொல்லிருதேன். ரேஷன்லயும் சில சமயம் நல்ல லாட்டு வரும். என் நாக்கு தப்பு சொல்லல.

சாக்குத் தீந்துட்டு. இன்னைக்குக் காலையில கார்டை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, துண்டைத் தலையில போட்டுக்கிட்டு கடைக்குப் போனேன். யாருக்கும் அடையாளம் தெரியாதுன்னு நெனைச்சேன். வரிசையில பாக்கியம்னு ஒரு பொம்பளை, 'உலகம்மா அக்கா வீட்டுக்காரர்தான நீங்க? அக்கா எங்க?'ன்னு கேட்டுட்டா. உடனே எல்லாரும் அக்கா எங்க, அக்கா எங்கங்காங்க. என்னடான்னா, அவ கடைக்கு வந்தா சாக்கைப் பிரிச்சதும் நாலு மணி எடுத்து வாயில போட்டு மெல்லுவாளாம். மென்னு, இது பழசு, வடிச்சுச் சாப்பிடுங்க, இது இட்லிக்கு ஆவும், இதை வெந்நியில அலசிட்டு உலையில போடுங்கன்னு சொல்லுவாளாம். அவ சொன்ன பொறவுதான் வரிசையே நகருமாம். 'எங்க வீட்டுக்காரரு கத்துக் குடுத்தது'ம்பாளாம். நான் எங்க கத்துக் குடுத்தேன்? வீட்டுல சாப்பிட உக்காந்தா அது அப்படி இது இப்படின்னு மண்டிக் கதை பேசுவேன். அவ பரிமாறிக்கிட்டு நிப்பா. அவ்வளவுதான்.

அதுக்குப் பொறவு மிஷின் கூத்து. நாந்தான் சொன்னேன்லா. 'கண்ணை வச்சுப் பாக்க மிஷினு இந்தக் கடைக்கு இன்னும் வரல ஐயா. சாயங்காலம் மூடுததுக்குள்ள அம்மாவைக் கூட்டிட்டு வாங்க'ன்னுட்டான் பையன். நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். வாரப்ப அந்தப் பாக்கியம் பின்னாலயே ஓடி வந்து ஒரு பொட்டலம் குடுத்தா. இந்தா, பிடிங்க, பைக்குள்ள விழுந்துருது. பிரிச்சுப் பாருங்க. இந்த மாச அரிசி. 'ஒரு வாடை அடிக்கி, என்ன செய்யணும்னு அக்காட்ட கேட்டுட்டு வாங்க'ன்னா.

நான் மென்னு பாத்துட்டேன். வழியில நாலஞ்சு தடவை மென்னுட்டேன். எந்த நெல்லு, எத்தனை மாசம் கெடந்த சரக்குன்னு சொல்லிருவேன். அந்த வாடை எதனாலன்னும் சொல்லிருவேன். அது போவ என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல தம்பி. அவளுக்குத்தான் தெரியும்.

அதனால நான் என்ன நெனைச்சிருக்கேன்னா, போனதும் மன்னிப்பு கின்னிப்புன்னு ஒண்ணும் பேசப் போறதில்ல. பொட்டலத்தை நீட்டுவேன். 'உலகம்மா, இந்தச் சரக்கு எப்படின்னு பாரு'ம்பேன். பெரிய முதலாளி எங்கிட்ட கேப்பாருல்லா, அதே மாதிரி. அவ மென்னு பாத்தான்னா சரி. வாங்க மாட்டேன்னுட்டா? கதவைச் சாத்திட்டா? நீங்க படிச்ச பிள்ளை, சொல்லுங்க, கதவைச் சாத்திட்டா என்ன பேசணும்? எனக்கு வேற ஒண்ணும் பேச வராது. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. காப்பியில இப்பம் சீனிய அள்ளி அள்ளிப் போடுதேன், குடிக்க முடியல. அவ இல்லாம எனக்கு முடியல. விரலுக்குத்தான் போறேன். ஆனா முடியல.

ஆலங்குளமா? வந்துட்டா? இருங்க, எந்திரிக்கேன். பொட்டலம் உங்க கையில இருக்கு, குடுங்க. மணி என்ன? பரவால்ல, நேரம் இருக்கு.

தம்பி, ஒரு நிமிசம். உங்க கண்ணு நல்ல கண்ணு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாருங்க, திருநெல்வேலி பஸ் நிக்க எடத்துல. மஞ்சச் சேலை. வெயிலுக்குத் தலையில முந்தானையப் போட்டுக்கிட்டு. அது அவதான். நிக்கத பாத்தாலே தெரியும் எனக்கு. கக்கத்துல என்னத்தையோ மடிச்சு வச்சிருக்காளே, என்னது அது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பையா? பச்சை எழுத்து போட்டிருக்கா?

மாசக் கடைசின்னு அவளுக்கும் தெரியும்லா தம்பி. கடைய மூடிருவான்னு தெரியும்லா.

கண்டக்டரே, இங்கனயே நிறுத்தும்யா. ஸ்டாண்டுக்குள்ள போவாண்டாம், இங்கனயே நிறுத்தும். எதுத்தாப்புல பஸ் வந்துட்டு, அவ ஏறப் போறா. அங்க போயி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால கையை விட்டுத் தேடிக்கிட்டு நிப்பா. கொஞ்சம் வழிய விடுங்க, காலை எடுங்கம்மா. ஏட்டி, உலகம்மா. இங்க, இங்க பாரு. ஏறாத. கார்டு எங்கிட்ட இருக்கு.